திரும்பி வராத மருத்துவர்: எல்லாப்பிரகட சுப்பாராவ்

ஆற்று மணலின்மேல் அசையாத அணையை எழுப்ப முடியும் என்பதை ஆர்தர் காட்டன் கற்றுக்கொண்ட இடம் காவிரிக்கரை. கல்லணையின் அடித்தளத்தை ஆராய்ந்து வியந்த அப்பொறியாளர், 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். அதே பாடத்தை வடக்கே கொண்டு சென்று, 1847 முதல் 1852 வரை தவளேசுவரத்தில் கோதாவரிக்கு ஓர் அணை எழுப்பினார். பஞ்சத்தில் வாடிக் கிடந்த கோதாவரிக் கழிமுகம் அதன்பின் தஞ்சைத் தரணியைப்போல் நெல் விளையும் நாடாயிற்று. வாய்க்காலும் மடையும் வரப்பும் வண்டலுமாக விளங்கிய அந்நாட்டில், பீமாவரம் என்னும் ஊரில், 1895 ஜனவரி 12-ஆம் நாள் பிறந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் காவிரி நாட்டில் வாழ்ந்தவர் அல்லர். ஆயினும் அவருடைய ஆராய்ச்சிக்கூடத்தில் உருவான ஒரு மருந்து, அவர் மறைந்த பின்னர்க் கும்பகோணத்துத் தெருக்களுக்கும் தஞ்சை, நாகை, திருவாரூர்ச் சிற்றூர்களுக்கும் வந்து சேர்ந்தது. அணை கட்டும் அறிவு தெற்கிலிருந்து வடக்கே போயிற்று. நோய் தீர்க்கும் அறிவு அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு வடக்கிலிருந்து தெற்கே வந்தது.

அந்த நோய் யானைக்கால். கும்பகோணத்தின் வெற்றிலையையும் பாத்திரத்தையும் புகழ்ந்தவர்கள் அதே மூச்சில் கொசுவையும் யானைக்காலையும் சொல்லிச் சிரித்த காலம் ஒன்றுண்டு. அச்சிரிப்பு நோயாளிக்குச் சிரிப்பாக இருந்ததில்லை. கால் வீங்கிய பெண்ணுக்கு மணம் கூடுவது அரிது. நாற்று நடவும் களை பறிக்கவும் சேற்றில் இறங்க வேண்டியவருக்கு வீங்கிய கால் ஒரு சுமை. மாதந்தோறும் குளிரும் காய்ச்சலுமாக வந்து படுக்கையில் தள்ளும் வேதனையைப் பலர் விதி என்றே ஏற்றுக்கொண்டனர். பழி பெரும்பாலும் தண்ணீர்மேலும் வயல்மேலும் விழுந்தது. உண்மையில் இந்நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு தேடுவது நெல்வயலின் தெளிந்த நீரை அன்று. வீட்டுக் கொல்லையில் தேங்கிய சாக்கடையைத்தான். வயல் குற்றவாளி அன்று என்பதை அறிவியல் கூறுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று.

சுப்பாராவின் தந்தை ஜகந்நாதம் வருவாய்த்துறையில் சிறு பணியில் இருந்து, உடல்நலக் குறைவால் முன்னதாகவே ஓய்வு பெற்றவர். தாய் வெங்கம்மா. பிள்ளைகள் எழுவர், வீட்டில் வறுமை. சிறுவன் சுப்பாராவுக்குப் படிப்பில் மனம் பொருந்தவில்லை. பதின்மூன்றாம் வயதில், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பெரும் பொருள் சேர்க்கலாம் என்று கணக்குப் போட்டு வீட்டைவிட்டு ஓடினான். வழியிலேயே பிடித்துக்கொண்டுவரப்பட்டான். மகனைப் படிக்க வைத்தே தீர்வது என்று உறுதி பூண்ட தாய், தம் நகைகளை விற்று ராஜமகேந்திரபுரத்துப் பள்ளிக்கு அனுப்பினார். தந்தையின் மரணம் இடையில் வந்தது. மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறையில்தான் தேறினார். பின்னாளில் உயிர்வேதியியலின் அடிப்படைகளையே மாற்றிய மூளை இது என்பதை அன்றைய மதிப்பெண் பட்டியலைக் கொண்டு எவரும் கூறியிருக்க இயலாது. ஆசிரியத் தொழிலில் இருப்போர் அவ்வப்போது நினைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

மாநிலக் கல்லூரியில் கணிதத்தில் ஈடுபாடு வந்தது. ஆனால் அதைவிட ஆழமாக அவரை ஈர்த்தது சென்னை இராமகிருஷ்ண மடம். துறவு பூண விரும்பினார். தாயின் அனுமதியின்றி ஏற்க இயலாது என்று மடத்தார் கூறினர், தாயோ மறுத்துவிட்டார். மருத்துவம் படித்தால் மடத்தின் மருத்துவமனைகளில் தொண்டு செய்யலாம் என்ற யோசனையை ஏற்று 1915-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். துறவியாக விரும்பியவர் மருத்துவரானார் என்று கூறிக் கடந்துவிடலாம். ஆனால் அவருடைய பிற்கால வாழ்க்கையை நோக்குவோருக்கு, அந்தத் துறவு கைவிடப்படவே இல்லை, வேறோர் இடத்திற்கு மாறிச் சென்றது என்றே தோன்றும். அந்த இடமாற்றத்தின் விலையைக் கொடுத்தவர் அவர் மட்டும் அல்லர்.

1919-இல் அவருக்கும் சேஷகிரிக்கும் திருமணம் நடந்தது. படிப்புச் செலவில் ஒரு பகுதியை மாமனார் கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தி ஏற்றார். அது காந்தியடிகளின் அந்நியத் துணி மறுப்பு நாடெங்கும் பரவிய காலம். அறுவைச் சிகிச்சைக் கூடத்திற்குச் சுப்பாராவ் கதராடை அணிந்து வந்தார். அறுவைத்துறைப் பேராசிரியரான பிராட்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயருக்கு அது பிடிக்கவில்லை. மற்றப் பாடங்களில் நன்கு எழுதியும் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். தகுதியே தரப்பட்டது. அரசு மருத்துவப் பணிக்கான கதவு அதனால் அடைபட்டது. ஒரு முழக் கதருக்கு அவர் கொடுத்த விலை பெரிது. அந்த விலையைப் பற்றி அவர் எங்கும் முறையிட்டுத் திரிந்ததாகத் தெரியவில்லை.

அந்த ஆண்டுகளில்தான் அவர் வாழ்க்கையின் கேள்வி பிறந்தது. மூத்தவரான புருஷோத்தமும் இளையவரான கிருஷ்ணமூர்த்தியும் ஒரே நோயால் அடுத்தடுத்து இறந்தனர். ஸ்ப்ரூ என்று ஆங்கில மருத்துவம் பெயரிட்ட நோய் அது. நாட்டு மருத்துவர் கிராணி என்று கூறுவதோடு நெருங்கியது. நாக்கும் வாயும் புண்ணாகும்; உண்ட உணவு உடலில் ஒட்டாது; வயிற்றுப்போக்கு ஓயாது; இரத்தம் வெளுத்து, எலும்பும் தோலுமாகி உயிர் பிரியும். வெப்ப நாடுகளில் குடல்தொற்றின் தொடர்ச்சியாக வருவது என்று பிற்கால மருத்துவம் கருதுகிறது. அன்று அதற்குக் காரணமும் தெரியாது, மருந்தும் இல்லை. வீட்டிலேயே மருத்துவம் படிக்கும் ஒருவர் இருந்தும் இரு சகோதரர்களைக் காக்க முடியவில்லை. பின்னர் அதே நோய் அவரையும் பற்றியது. ஆயுர்வேத அறிஞர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையால் அவர் பிழைத்தார். அவர் நடத்திய சென்னை ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூற்றியல் விரிவுரையாளராகவும் அமர்ந்தார்.

பிழைத்தவருக்கு நிம்மதி இல்லை. மருந்து வேலை செய்தது. ஏன் வேலை செய்தது என்பது விளங்கவில்லை. மேலைமுறையில் பயின்றவருக்கு அந்த ஏன் என்பது உறங்கவிடாத சொல். ஆயுர்வேத மருந்துகளை வேதியியல் முறையில் ஆராய வேண்டும், அதற்கு வெளிநாட்டுப் பயிற்சி வேண்டும் என்று துணிந்தார். காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளை உதவ முன்வந்தது. மாமனாரும் பொருள் திரட்டித் தந்தார். 1922-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இறங்கினார். வீட்டில் இளம் மனைவி இருந்தார். கணவர் கடல் கடந்த பின் சேஷகிரிக்கு ஓர் ஆண்குழந்தை பிறந்தது. மழலைப் பருவத்திலேயே இறந்தது. தந்தை அக்குழந்தையின் முகத்தைப் பார்த்ததே இல்லை.

ஹார்வர்டின் வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியில் இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை. சென்னையின் எல்.எம்.எஸ். தகுதியைக் கொண்டு அங்கு மருத்துவராகத் தொழில் செய்யவும் வழியில்லை. பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவு நேரக் கடைநிலைப் பணியாளராகச் சேர்ந்து, நோயாளிகளின் மூத்திரக் கலங்களைக் கழுவிப் பிழைத்தார். பகலில் படிப்பு, இரவில் கழுவுதல் என்று கழிந்த அந்நாட்களுக்குப் பின் பட்டயம் பெற்று, உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கேயிடம் ஆய்வில் இணைந்தார்.

உடலின் நீர்மங்களிலும் தசைகளிலும் உள்ள பாஸ்பரசை அளக்க எளிய வழி அன்று இல்லை. 1925-இல் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் ஒரு முறையை வெளியிட்டனர். சோதனைக் குழாயில் சில கரைசல்களைச் சேர்த்தால் நீலநிறம் தோன்றும். நிறத்தின் ஆழமே பாஸ்பரசின் அளவு. அவ்வளவுதான். அந்த எளிமையாலேயே உலகின் ஆய்வகங்கள் அனைத்திலும் அது புகுந்தது. ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்பது உயிர்வேதியியல் பயில்வோர் நாவில் புழங்கும் தொடராயிற்று. இங்கே தமிழிலக்கிய வரலாற்றில் ஒன்றை நினைக்கத் தோன்றுகிறது. சங்கப் புலவர் சிலரின் இயற்பெயர் மறைந்துபோக, அவர்கள் பாடிய தொடரே பெயராயிற்று. செம்புலப்பெயனீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று அவர்களை அழைக்கிறோம். அங்கே ஆள் மறைந்து தொடர் நின்றது. சுப்பாராவுக்கு நேர்ந்தது இதன் மறுதலை. பெயர் நின்றது, அப்பெயருக்கு உரியவர் எந்த ஊரார், என்ன ஆனார் என்பதைச் சோதனைக் குழாயைக் கையில் பிடித்த மாணவர் அறியார்.

அந்த முறையைக் கருவியாகக் கொண்டு அவர்கள் தசைக்குள் புகுந்தனர். தசை சுருங்குவதற்கான ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பது அன்றைய பெருங்கேள்வி. லாக்டிக் அமிலத்தைச் சுற்றி எழுந்த விளக்கத்திற்காக ஹில்லும் மயர்ஹோஃபும் 1922-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசையே பெற்றிருந்தனர். 1927-இல் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளைத் தசையில் கண்டறிந்தனர். அந்த விளக்கம் ஆட்டம் கண்டது. 1929-இல் அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் ஏ.டி.பி.யைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியே அதைக் கண்டறிந்தார். உழவனின் கை மண்வெட்டியை ஓங்குவதும், நாகசுரக் கலைஞரின் மூச்சு சீவாளியில் பாய்வதும், கண்ணிமை துடிப்பதும் இந்த ஒரு பொருள் சிதைந்து தரும் ஆற்றலால்தான். 1930-இல் அவருக்கு முனைவர் பட்டம் கிடைத்தது.

பட்டம் கிடைத்தது, நிலையான பதவி கிடைக்கவில்லை. பத்தாண்டுகள் மேலும் ஹார்வர்டில் உழைத்தும் அவர் அங்கு நிரந்தர ஆசிரியராக்கப்படவில்லை. சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்களை ஃபிஸ்கே வெளியிட விடவில்லை என்றும், அவற்றைப் பல ஆண்டுகள் கழித்துப் பிறர் மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்றும், அதே ஆய்வகத்தில் உடன் பணியாற்றி 1988-இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பின்னாளில் தெரிவித்திருக்கிறார். சுப்பாராவ் தம் உழைப்பின் பயனைத் தமதென்று கோரும் இயல்பினரும் அல்லர். கண்டுபிடிப்பை முன்வைக்கும் மேடையில் பிறரை நிறுத்திவிட்டுத் தாம் ஒதுங்கிக்கொள்வார். இதைப் பெருந்தன்மை என்று போற்றுவோர் உண்டு. பெருந்தன்மைதான். ஆனால் தம் பெயரைத் துடைத்துக்கொள்பவர், தம்மை நம்பிக் காத்திருப்போருக்குச் சேர வேண்டிய பெருமையையும் சேர்த்தே துடைத்துவிடுகிறார் என்பதும் உண்மை.

ஏ.டி.பி.க்கும் கிராணிக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். நேரடியான உறவு இல்லை. சுப்பாராவின் மனம் மட்டும் அந்தப் பழைய கேள்வியை விட்டு நீங்கவில்லை. கொடிய இரத்தசோகை கண்டவர்கள் பச்சை ஈரலை உண்டால் பிழைக்கிறார்கள் என்று 1926-இல் பாஸ்டனில் மைனாட்டும் மர்ஃபியும் கண்டிருந்தனர். ஈரலில் உள்ள எந்தப் பொருள் அந்த வேலையைச் செய்கிறது? சகோதரர்களின் வெளுத்த முகங்களைப் பார்த்தவருக்கு இது வெறும் வேதியியல் வினா அன்று. ஈரல்சாற்றைப் பகுத்துப் பகுத்து ஆராய்வதில் முப்பதுகளைக் கழித்தார்.

1940-இல் அவர் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்னும் ஊரில் இருந்த லெடர்லி ஆய்வகங்களில் சேர்ந்தார். விரைவிலேயே ஆராய்ச்சிக்குத் தலைமையேற்றார். பல்கலைக்கழகம் தராத இடத்தை ஒரு மருந்து நிறுவனம் தந்தது. வேதியியலார், நுண்ணுயிரியலார், மருத்துவர், விலங்குகளில் சோதிப்போர் எனப் பெருங்குழு ஒன்று அவர் கீழ் அமைந்தது. சுப்பாராவின் தனித்த கண்டுபிடிப்புகள் ஹார்வர்டோடு ஏறத்தாழ முடிகின்றன. லெடர்லியில் அவர் செய்தது வேறு வகையான பணி. எந்த வினாவை எவர் கையில் கொடுப்பது, எந்தத் தோல்வியை இன்னும் ஓராண்டு பொறுப்பது என்று முடிவு செய்யும் பணி. ஒரு தேரை ஒருவர் இழுப்பதில்லை. வடம் பிடிப்பவர் பலர். முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புபவர் சிலர். திருவாரூரில் ஆழித்தேர் வளைவில் திரும்புவதைப் பார்த்தவர்கள் அந்தச் சிலரின் அருமையை அறிவர்.

கீரையிலிருந்து 1941-இல் வேறு அறிஞர்கள் பிரித்த ஒரு பொருளுக்கு, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லைக் கொண்டு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்திருந்தனர். ஈரலிலும் அதே இனத்துப் பொருள் இருந்தது. டன் கணக்கான ஈரலிலிருந்து துளியளவே கிடைத்த அதனை மருந்தாக்க வேண்டுமானால் ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்தாக வேண்டும். 1945-இல் சுப்பாராவின் குழு அதைச் செய்து முடித்தது. அதே ஆண்டில் டாம் ஸ்பைஸ் என்னும் மருத்துவர் அதனை இரத்தசோகை நோயாளிகளுக்கும், தொடர்ந்து ஸ்ப்ரூ நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். நாக்குப் புண் ஆறியது, உணவு ஒட்டியது, இரத்தம் சிவந்தது. சகோதரர்களைப் பறிகொடுத்து ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழிந்தபின், அவர்களைக் கொன்ற நோய்க்கு மருந்து கைக்கு வந்தது. கொடிய இரத்தசோகைக்கு முழு விடை இதுவன்று, பி-12 என்னும் வேறொரு சத்தே என்பது 1948-இல் தெளிவாயிற்று. அவர் தேடிய பொருள் வேறு, கிடைத்த பொருள் வேறு என்றும் சொல்லலாம். ஆனால் தேடலைத் தொடங்கிவைத்த துயரத்திற்குக் கிடைத்த பொருளே விடையாக அமைந்தது.

ஃபோலிக் அமிலத்தைப் போன்ற தோற்றமும் அதற்கு மாறான செயலும் கொண்ட பொருள்களையும் அக்குழு உருவாக்கியது. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினைப் பாஸ்டனின் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். அதுவரை சில வாரங்களில் இறந்துபோன குழந்தைகள் சிலர் எழுந்து விளையாடினர். தற்காலிகமான மீட்சிதான், ஆயினும் அந்நோய் மருந்துக்குப் பணிந்தது அதுவே முதன்முறை. ஃபார்பரின் கட்டுரை 1948 ஜூனில் வெளிவந்தது. அம்மருந்தின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்திற்கும் இன்றும் பயன்படுகிறது.

தொற்றுநோய்களை நோக்கிய தேடல் மறுபுறம் நடந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து வயதுமுதிர்ந்து ஓய்வுபெற்ற தாவரவியலார் பெஞ்சமின் டக்கர். எழுபதைக் கடந்த அவரைச் சுப்பாராவ் 1944-இல் பணியில் அமர்த்தினார். பல ஊர்களின் மண்ணைத் தருவித்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை வளர்த்துப் பார்ப்பது டக்கரின் வேலை. மிசூரியின் ஒரு வயல்மண்ணில் பொன்மஞ்சள் நிறமுடைய நுண்ணுயிர் ஒன்று கிடைத்தது. அதிலிருந்து பெற்ற ஆரியோமைசின் 1948-இல் அறிவிக்கப்பட்டது. பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் தொடாத பல கிருமிகளையும் அது அழித்தது. டெட்ராசைக்கிளின் என்னும் மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளை அதுவே. 1994-இல் சூரத்தில் பிளேக் அச்சம் பரவியபோது மக்கள் வரிசையில் நின்று வாங்கியது இக்குடும்பத்து மருந்தை. எலிச் சிறுநீர் கலந்த வயல்நீரில் வெறுங்காலோடு நிற்கும் உழவருக்கு வரும் எலிக்காய்ச்சலுக்கு மருத்துவர் தரும் டாக்சிசைக்கிளினும் இக்குடும்பத்ததே. வயல்மண்ணில் கிடைத்த மருந்து வயலில் நிற்பவரிடமே வந்து சேர்ந்தது.

இனி யானைக்கால். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் போரிட்ட அமெரிக்க வீரர் பலரை யானைக்கால் நோயின் தொடக்கக் குறிகள் பற்றின. ஏழை நாடுகளின் நோயாக இருந்தவரை பொறுத்துக்கொண்ட உலகம், தன் வீரர்களின் கால் வீங்கியதும் விழித்துக்கொண்டது. மருத்துவ வரலாற்றில் இது புதிதன்று. நோயின் இயல்பு முன்பே தெரிந்திருந்தது: நோயாளியின் இரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்புழுக்கள் நீந்துவதைக் கல்கத்தாவில் தீமோத்தி லூயிஸ் 1872-இல் கண்டார். அவற்றைக் கொசு ஏற்றுக்கொள்வதைச் சீனத்தில் பாட்ரிக் மேன்சன் 1877-இல் கண்டார். தெரியாதது மருந்துதான். ஆன்டிமனியும் ஆர்செனிக்கும் கலந்த ஊசிகள் புழுவோடு ஆளையும் வாட்டின. லெடர்லியில் ரெட்ஜினால் ஹெவிட் முதலியோர் எலிகளிலும் நாய்களிலும் நூற்றுக்கணக்கான பொருள்களைச் சோதித்து, 1947-இல் ஒன்றைத் தேர்ந்தனர். டை-எத்தில் கார்பமசின், வணிகப் பெயர் ஹெட்ரசான். ஊசி வேண்டாம், வாய்வழி விழுங்கும் மாத்திரையே போதும். அதே ஆண்டில் போர்ட்டோரிக்கோ தீவின் நோயாளிகளிடம் நடந்த சோதனையில் இரத்தத்திலிருந்த நுண்புழுக்கள் விரைந்து மறைந்தன.

1946-இல் வந்த ஒரு சட்டம் இந்தியர் அமெரிக்கக் குடியுரிமை பெறுவதற்கு வழி திறந்தது. சுப்பாராவ் குடியுரிமை பெறாமலே இருந்தார். இந்தியா விடுதலை பெற்றது. அப்போதும் அவர் திரும்பவில்லை. ஓர் ஆய்வு முடியும் வேளையில் மற்றொன்று தொடங்கியிருக்கும். சேஷகிரி ஊரிலேயே காத்திருந்தார். கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் 1914-இல் கடல் கடந்தார். நோயோடு திரும்பி 1920-இல் சென்னையில் தம் மனைவியின் அருகே கண்மூடினார். அந்தக் கதை காவிரி நாட்டில் அனைவருக்கும் தெரியும். சுப்பாராவின் மனைவிக்கு அந்தக் கடைசி அருகாமையும் வாய்க்கவில்லை. 1948 ஆகஸ்டில், தம் இல்லத்தில், உறக்கத்திலேயே அவருடைய இதயம் நின்றது. வயது 53. சேஷகிரி அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் வாழ்ந்தார். உலகுக்கு ஆற்றிய தொண்டின் பெயரால் இந்தப் பிரிவை நியாயப்படுத்துவது எளிது. எளிதாக இருப்பதனாலேயே அதில் ஐயம் எழுகிறது. ஆயிரம் வீடுகளின் துயரைத் துடைத்த கை, தன் வீட்டின் துயருக்கு ஒருமுறையும் நீளவில்லை. இரண்டையும் ஒருசேரச் சொல்லாமல் அவர் வரலாற்றைச் சொல்லிவிட முடியாது.

இந்தியா அவரை நினைத்தது மெதுவாகத்தான். நூற்றாண்டை ஒட்டி 1995-இல் அஞ்சல்தலை ஒன்று வெளியிடப்பட்டது. அதற்கு முன்பே ஒரு பூஞ்சைக்கு அறிவியலார் சுப்பாரோமைசஸ் என்று அவர் பெயரைச் சூட்டியிருந்தனர். பெயர் தேடாதவருக்குப் பூஞ்சையில் பெயர் அமைந்தது பொருத்தமே.

அவருடைய மாத்திரை மட்டும் ஓயவில்லை. 1955-இல் நடுவணரசின் யானைக்கால் தடுப்புத் திட்டம் தொடங்கியது. நுண்புழுக்கள் இரவில்தான் இரத்தத்தின் மேற்பரப்பு நாளங்களுக்கு வருகின்றன. கொசு கடிக்கும் வேளையை அவை அறிந்தாற்போல் வரும். ஆகவே சோதிப்போரும் இரவிலேயே வந்தனர். ஊர் அடங்கியபின் கதவைத் தட்டி, உறங்குவோரை எழுப்பி, விரல்நுனியில் ஊசியால் குத்தி, கண்ணாடித் துண்டில் இரத்தம் எடுத்துச் சென்றனர். ஏச்சும் பேச்சும் அவர்களுக்கு வாடிக்கை. தொடக்கத்தில் அனைவருக்கும் பல நாள் மாத்திரை கொடுத்துப் பார்த்தனர். புழுக்கள் மடியும்போது காய்ச்சலும் தலைவலியும் வந்தன. நோயே இல்லாதவருக்கு எதற்கு மருந்து என்று மக்கள் மறுத்தனர், அம்முயற்சி கைவிடப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்து, 2004-இல், ஆண்டுக்கு ஒரேயொரு வேளை மருந்து என்னும் எளிய வடிவில் அது நாடெங்கும் மீண்டது. தஞ்சை, நாகை, திருவாரூர் மாவட்டங்களும் அதில் அடங்கின. பின்னர் அல்பெண்டசோல் மாத்திரையும் உடன் சேர்க்கப்பட்டது.

இம்மருந்துக்கு ஓர் எல்லை உண்டு. இரத்தத்தில் நீந்தும் நுண்புழுவை அது அழிக்கும். ஏற்கெனவே தூண்போல் வீங்கிவிட்ட காலை இளைக்கச் செய்யாது. தெருத்தெருவாக வந்த சுகாதாரப் பணியாளர்கள் இதை மறைக்காமல் சொல்ல வேண்டியிருந்தது. அப்படியானால் எனக்கெதற்கு என்று கேட்கும் உரிமை, திண்ணையில் காலை நீட்டி அமர்ந்திருந்த முதியவருக்கு உண்டு. அவர் இரத்தத்தில் எஞ்சிய புழுவைக் கொசு ஏற்றுக்கொண்டு அதே வீட்டில் உறங்கும் பேரப்பிள்ளையிடம் கொண்டு சேர்க்காதிருக்க என்பதே அதற்கு விடை. வயதுக்கேற்ற மாத்திரைகளைப் பணியாளர் எண்ணிக் கையில் வைத்தனர். தம் கண்முன்னே விழுங்குமாறு கேட்டுக்கொண்டனர். கால் வீங்கியவர்களும் தண்ணீர்ச் செம்பை எடுத்து அதை விழுங்கினர்.